கதவு திறக்காத வீட்டுக்கு ஒரு போத்தல்

உயிர்த்த ஞாயிறு காலைப் பூசை முடிந்து, துறைமுக வீதியில் பாலையூற்று பஸ்ஸுக்காக வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். ஒருத்தியின் கூடையில், கோயிலில் மந்திரித்த தண்ணீர் நிரப்பிய இரண்டு சாராயப் போத்தல்கள். மற்றவள் அவற்றை எட்டிப் பார்த்தாள்.

“ஒரு வீட்டுக்கு ரெண்டு போத்தல் தீர்த்தமோ, மச்சாள்? லேபலையாவது உரிச்சிருக்கலாம்.”

“ஒண்டு பக்கத்து வீட்டுக்காரிக்கு.”

“கலவரம் நடந்த அண்டைக்குக் கதவு திறக்காதவளுக்கோ? பிள்ளையையும் தூக்கிக்கொண்டு எவ்வளவு நேரம் தட்டினனீ!”

“ஓம். அவளிட்டயும் கைக்குழந்தை இருந்தது. பயந்திட்டாள்.”

என் தோளில் என் மகள் உறங்கிக்கொண்டிருந்தாள். அன்று என் கதவை யாராவது தட்டியிருந்தால் நான் திறந்திருப்பேனா? திறந்திருப்பேன் என்று எனக்குள்ளே சொல்லிப் பார்த்தேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

“அதுக்குப் பிறகு அவள் கோயிலுக்கும் வாறதில்லை. வெக்கம். நானும் கதைக்கேல்லை, கோவம். ஆண்டவர் உயிர்த்தார் எண்டு இவ்வளவு சத்தமாப் பாடிப்போட்டு, இனியும் அப்பிடியே இருக்க ஏலாது.”

“இண்டைக்கும் திறக்காட்டி?”

“தட்டுவன். அண்டைக்குத் தட்டிப் பழகின கைதானே.”

பஸ் வந்தது. கேலி செய்தவள் ஏறி அமர்ந்ததும் மற்றவளின் கூடையிலிருந்து ஒரு போத்தலை எடுத்துத் தன் மடியில் வைத்து, லேபலை நகத்தால் சுரண்டத் தொடங்கினாள்.

“இப்பிடியே குடுத்தால் அவளின்ர மனுசன் குடிச்சிடுவான். பொறு, தட்ட நானும் வாறன்.”