நாலாவது டப்பா

— ‘எத்தனாவது படிக்கிற?’ன்னு காலைல கேட்டீங்களே சிவஞானம் சார். நின்னுட்டேன்னு சொன்னதும் பார்க் கேட்டுக்கு வெளிய போகச் சொன்னீங்க. இப்ப இன்னாத்துக்குக் கூப்புடுறீங்க?

— டப்பாவைக் குடு ரேணுகா. இது எங்க ஸ்கூல் பசங்களுக்கு வச்ச போட்டி. ஜி.பி.எஸ். மெஷினைப் பார்த்துப் போயி, லைட்ஹவுஸ் படம் ஒட்டின நாலு டப்பாவைத் தேடணும். மொதல்ல தொறக்கிறவங்க உள்ள இருக்கிற நோட்டுல பேர் எழுதி வச்சிட்டு வரணும். நீ இதுல இல்ல.

— அப்பா, அவகிட்ட என்ன பேச்சு? பிடுங்குங்க. மூணு டப்பா நான்தானே ஃபர்ஸ்ட். இதுவும் சேர்ந்தா கப்பு எனக்கு.

— எங்க, நீயே வந்து பிடுங்கு சத்யா. உப்பு வாருற கை இது.

— சத்யா, நீ சும்மா இரு. ஏம்மா ரேணுகா, பார்க் நடுவுல இருக்கிற சிமெண்ட் லைட்ஹவுஸ் அடியில புதைக்கச் சொன்ன டப்பா அது. இருபது பசங்க தோண்டிப் பார்த்துட்டாங்க. உனக்கு மட்டும் எப்படிக் கெடைச்சுது? புதைச்ச வாட்ச்மேன் கலியமூர்த்தி சொல்லிட்டாரா?

— அவரு வானூர் போயி ரெண்டு நாளாவுது. சார், பதினஞ்சு வருஷம் உப்பளத்துல வேலை பார்த்தவரு இந்த மண்ணுல தகரத்தைப் புதைப்பாரா? துரு தின்னுடும். எங்காளுங்க மம்பட்டியைக்கூட தரையில போட மாட்டாங்க, தொங்கத்தான் வுடுவாங்க. எல்லாரும் குனிஞ்சு தோண்டினாங்க. நான் அண்ணாந்து பார்த்தேன். பூவரசங்கிளையில தொங்கினு இருந்துச்சு.

— ம்... கெட்டிக்காரிதான். ஆனா ரூல்னா ரூல். சத்யா பேரைப் போட்டுடலாம், குடு.

— என் பேரு எழுதியாச்சு. மொதோ தாளுல.

— அந்தத் தாளைக் கிழிச்சிட்டாப் போச்சு.

— கிழிப்பீங்கன்னு தெரியும். அதான் இத கையை வுட்டு எறக்கல. மத்த மூணுலயும் எழுதி, இருந்த எடத்துலயே நம்பி வச்சிட்டு வந்தேன்.

— மூணுலயுமா?

— டப்பா இருக்கிற எடத்துக்கெல்லாம் கேட்டுல குறிப்பு ஒட்டியிருந்தீங்க இல்ல? சுனாமி அலை வந்தப்ப ஒன்பதாவதோட நின்னவ சார் நான். எழுத்து மறந்துடல. இவங்க மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்துனு இருந்தாங்க. நான் பின்வேலி வழியா வந்து மூணையும் தொறந்துட்டேன்.

— டூப் விடுறாப்பா! நோட்டைப் பாருங்க, மொதோ பேரு என்னுதுதான்.

— ஆமாம்மா. எல்லாரும் பார்த்து முடிச்சப்பறம் எடுத்தாந்த மூணு நோட்டும் இதோ என் பையில. உன் பேரே இல்லியே ரேணுகா?

— பேரைத் தேடாதீங்க. அட்டைக்கும் மொதோ தாளுக்கும் நடுவுல பாருங்க.

— ...கிழிச்ச ஓரம் இருக்குது.

— அடுத்த நோட்டு?

— இதுலயும். ...இதுலயும். சத்யா, இதையெல்லாம் என்கிட்ட கொண்டாந்து குடுத்தது நீதானே? யார் கிழிச்சாங்க? என்னைப் பாரு. ...சத்யா, எங்க போற? நில்லு கண்ணு. ‘நான் இல்லப்பா’ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ.