சுகுணாவின் இடது தாடை

களியை மெல்லக் கூடாது, அப்படியே விழுங்க வேண்டும். தஞ்சாவூர்க்காரனான எனக்கு இது மொரப்பூர் வந்த பிறகுதான் தெரிந்தது. இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தாடை மூட்டு தேய்வது தாமதமாகத் தெரிவதும் அதனால்தான். வேளாவேளைக்குக் களி என்றால் தாடைக்கு என்ன வேலை? எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர், எந்தப் பல் டாக்டரும் இதை உங்களுக்குச் சொல்லமாட்டார்.

சுகுணாவும் முற்றிய பிறகுதான் வந்தார். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் தையல் கடை வைத்திருந்தார், கணவர் இல்லை. வலது தாடை மூட்டில் குருத்தெலும்பு பாதி போயிருந்தது. கொட்டாவி விட்டால் வலியில் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

நான் அப்போது ஸ்டெம் செல் சிகிச்சையைச் செம்மைப்படுத்திக்கொண்டிருந்தேன். வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுக்கும் செல்களை மூட்டில் ஊசியாகப் போட்டால், வாயைத் திறந்து மூடும் அசைவிலேயே கலைந்துவிடும். நான் அவற்றைக் கெட்டியான ஜெல்லில் கலந்து போட்டேன். எலிகளிடம் பலித்தது. எலிக்கு இந்த நோய் தானாக வராது. முதலில் நல்ல மூட்டில் ஒரு மருந்தைப் போட்டுத் தேய வைப்போம், பிறகு குணப்படுத்துவோம். ஆய்வுக்கூடங்களில் அது வழக்கம்தான்.

ஒவ்வொரு வியாழக்கிழமையும் ஊசிக்கு வரும்போது சுகுணா தூக்குவாளியில் களியும் கீரையும் கொண்டுவருவார். "ஒண்டியா இருக்கறீங்க. ஓட்டல்ல தின்னு வயித்தக் கெடுத்துக்காதீங்க டாக்டரு" என்பார். முதல் நாள் நான் களியை மென்றதைப் பார்த்து, தாடையைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். என்னெதிரில் ஒருவர் அப்படிச் சிரித்து எத்தனையோ வருடம். கிளினிக்குக்கு மேலே ஓர் அறை, அதைத் தாண்டிப் போகும் ரயில்கள், அவ்வளவுதான் என் வாழ்க்கை. வியாழக்கிழமைக்காக ஏங்கினேன். சொல்ல வெட்கமில்லை.

சிகிச்சை நன்றாகப் பலித்துவிட்டது. அதுதான் சிக்கல்.

ஒருநாள் வறுத்த கடலையோடு வந்து, என் முன்னால் உட்கார்ந்து மென்று காட்டினார்.

"துளி வலியில்லீங்க. இனிமே நான் வரத் தேவையில்லைங்களா?"

"இடது பக்கமும் பாதுகாப்புக்கு ஒரு ஊசி போட்டுடலாம்மா" என்றேன்.

"நீங்க சொன்னா சரிங்க" என்று முகத்தைத் திருப்பிக் காட்டினார். எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை.

இடது மூட்டில் ஒரு குறையும் இல்லை. போட்டது எலிகளுக்குப் போடும் மருந்து. அவருடைய உடல் எடைக்கு ஏற்ற அளவு பார்த்து, வலிக்காமல்தான் போட்டேன்.

அடுத்த வியாழன் வந்தார். பிறகு தினமும் வந்தார். இப்போது வாய் ஒரு விரல்கூடத் திறப்பதில்லை, களியும் இறங்காது. பேச்சும் நின்றுவிட்டது. தையல் கடையை மூடிவிட்டார். நானே கஞ்சி காய்ச்சி, ஆறவைத்து, ஸ்ட்ரா போட்டுக் கொடுக்கிறேன். குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். புகார் கொடுத்த அவருடைய அண்ணன் மாதேஸ்வரன் இதில் ஒருநாளாவது வந்து எட்டிப்பார்த்தாரா?

நான் அவரைக் கட்டாயப்படுத்தியதாகப் புகாரில் எழுதியிருக்கிறார்கள். அதை மட்டும் அடித்துவிடுங்கள். வலது பக்கத்துக்கும் அதே மருந்தைப் போட்ட பிறகு, வரமாட்டேன் என்று சுகுணா ஒருமுறைகூடச் சொன்னதில்லை.