வராந்தாவில் ஆற வைத்த கால்

ஐயோவா மாநிலம், வாப்சி பெண்ட் நகரக் காவல் நிலையம். ஹாலோவீனுக்கு மறுநாள் காலை சார்ஜென்ட் நோரீன் காஸ்பர் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது.

என் பெயர் லோவெல் பிராண்ட்வோல்ட். வயது அறுபத்தொன்று. தகப்பனார் ஹால்வர் பிராண்ட்வோல்ட், காலமாகிவிட்டார். உயிரோடு இருந்திருந்தால் இந்த அநியாயத்தைக் கேட்டு இந்நேரம் உங்கள் மேஜையை இரண்டாகப் பிளந்திருப்பார். செர்ரி தெருவில், தபால் நிலையத்துக்குப் பின்னால் உள்ள பச்சைக் கதவு வீட்டில், என் தங்கை ஜோலீனுடனும் அவள் மகள் மாரனுடனும் குடியிருக்கிறேன். தொழில், பள்ளிப் பேருந்து ஓட்டுவது. என் மீது இதற்கு முன் வழக்கு எதுவும் இல்லை.

தீயணைப்பு நிலையத்தில் ஹாலோவீனுக்காகச் சீட்டு வைத்து நடத்திய பேய் வீட்டுக் காட்சிக்குள் அத்துமீறி நுழைந்ததாகவும், காட்சிக்கு வைத்த பொருளைத் திருடியதாகவும், மனித உறுப்பைத் தின்பது போல் நடித்துப் பொதுமக்களிடம் பீதி கிளப்பியதாகவும் அந்தக் காட்சியை நடத்தும் திருமதி வெர்னா ஹூக்ஸ்ட்ரா என் மீது கொடுத்த புகார் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. மூன்றையும் மறுக்கிறேன். நான் நடிக்கவில்லை. தின்றேன். என் கையால் சமைத்த என் வீட்டுச் சாப்பாட்டைத் தின்றேன். திருட்டு நடந்தது உண்மை. திருடியது யார் என்பதைக் கீழே சொல்கிறேன்.

மாரனுக்கு ஒன்பது வயது. இந்த மாதத் தொடக்கத்தில் வைக்கோல் வண்டியிலிருந்து குதித்து இடது கால் எலும்பு முறிந்து, முழங்கால் வரை மாவுக்கட்டுப் போட்டிருக்கிறது. கோடையிலேயே தைத்து முடித்த சூனியக்காரி உடுப்பு கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. இந்த வருட ஹாலோவீனுக்கு வேடம் கட்டி வீடு வீடாக மிட்டாய் கேட்டுப் போக முடியாது என்று டாக்டர் சொன்னார். அதன் பிறகு அவள் சாப்பாட்டை நிறுத்திக்கொண்டாள். ஜோலீன் கோழி நூடுல் வைத்தாள், சீஸ் ரொட்டி சுட்டாள். தட்டு போனபடியே திரும்பி வந்தது. அதன் பிறகு நான் அவள் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டேன்.

"என்னதான் வேணும் உனக்கு? சொல்லு குட்டி, யானைய வேணாலும் முழுசா சுட்டுத் தரேன்."

"இந்தக் காலத் தின்னுடணும் மாமா. இதாலதான் எல்லாம் கெட்டுச்சு."

"உன் காலத் தின்னா உங்கம்மா என்னைத் தின்னுடுவா. அதே மாதிரி ஒண்ணு பண்ணித் தரேன், அதத் தின்னு."

"நகம் இருக்குமா?"

"நகம், எலும்பு, மாவுக்கட்டு எல்லாம் இருக்கும்."

"பசங்க மிட்டாய்க்கு வர்றதுக்கு முன்னாடி தட்டுல இருக்கணும். இல்லாட்டி வேணாம்."

மிட்டாய் நேரம் ஆறு மணிக்குத் தொடங்கும் என்பது ஊருக்கே தெரியும். வாசல் மணி முதல் தடவை அடிக்கும்போது அவள் வாயில் சோறு இருக்க வேண்டும், அழுகை இருக்கக் கூடாது. இதுதான் எங்களுக்குள் ஒப்பந்தம். ராஜாக்களும் பேரரசர்களும் போட்ட ஒப்பந்தம் எதுவும் இதற்கு ஈடாகாது.

அதன் பிறகு நேற்றுப் பிற்பகல் நான் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மாட்டுக் கொத்துக்கறி, பன்றிக் கொத்துக்கறி, பாலில் ஊறிய ரொட்டித்தூள், முட்டை, வெங்காயம் எல்லாவற்றையும் பிசைந்து, வழக்கமாகச் செங்கல் மாதிரி சுடுகிற மீட்லோஃபை நேற்று இடது கால் மாதிரி பிடித்தேன். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் கட்டைவிரலைவிட அடுத்த விரல் நீளம், அதையும் விடவில்லை. நகத்துக்கு வெங்காயச் செதில். கணுக்காலில் துருத்திக்கொண்டிருக்கும் எலும்புக்கு ஒரு துண்டு டர்னிப் கிழங்கு. மேலே தக்காளி சாஸும் பழுப்புச் சர்க்கரையும் குழைத்துப் பூசி ஓவனில் வைத்தேன். வெளியே எடுத்தபோது அந்தக் காலின் அழகைக் கண்டு எங்கள் நாய் முன்னங்கால்களை மடக்கி வணங்கியது. இத்தாலிய நாட்டுச் சிற்பிகள் அதைப் பார்த்திருந்தால் உளியைக் குளத்தில் எறிந்துவிட்டு மளிகைக் கடை வைத்திருப்பார்கள்.

(நடந்ததை மட்டும் சொல்லும்படி வாக்குமூலம் அளிப்பவருக்கு இங்கே அறிவுறுத்தப்பட்டது. நாய் வணங்கியது நடந்ததுதான் என்று அவர் கூறுகிறார்.)

கணுக்காலைச் சுற்றி உருளைக்கிழங்கு மசியலால் மாவுக்கட்டுப் போட வேண்டும். சூட்டோடு போட்டால் வழிந்துவிடும். குளிர்பெட்டியில் ஆப்பிள் சாறு இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. அக்டோபர் பிறந்துவிட்டால் இந்த ஊரில் எந்த வீட்டிலும் வராந்தாதான் இரண்டாவது குளிர்பெட்டி. சார்ஜென்ட் வீட்டு வராந்தாவிலும் பூசணிப் பணியாரம் ஆறுவதை நானே பார்த்திருக்கிறேன். ஆகவே காலைத் தட்டோடு கொண்டுபோய் வராந்தாக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு, கிழங்கு மசிக்க உள்ளே வந்தேன்.

பேய் வீட்டுக்குச் சாமான் கொடுக்கிறவர்கள் ஹாலோவீன் அன்று பிற்பகல் அதை வராந்தாவில் வைத்து விளக்கைப் போட்டுவிடுவார்கள், வெர்னா தன் கணவரின் வண்டியில் வந்து மணி அடிக்காமல் அள்ளிக்கொண்டு போவார், இதுதான் இங்கே வழக்கம் என்று எனக்கு ஞாபகமூட்டப்படுகிறது. எனக்குத் தெரியாதா? எங்கள் வீட்டு விளக்கு எரிந்தது, மிட்டாய்க்கு வரும் பிள்ளைகளுக்காக ஜோலீன் முன்கூட்டியே போட்டதால். விளக்கு எரிந்தால் திருடலாம் என்று எந்தச் சட்டம் சொல்கிறது? எந்தப் பேய் வீட்டுச் சாமானிலிருந்து ஆவி பறக்கும்? எதில் வெங்காயம் மணக்கும்?

அதன் பிறகு நான் மசியலோடு வராந்தாவுக்கு வந்து பார்த்தபோது காலும் இல்லை, தட்டும் இல்லை.

"ஜோலீன், கால் எங்கேடி?"

"எனக்கு ரெண்டும் இங்கதான் இருக்கு. உன்னுத எண்ணிப் பாரு அண்ணே. வெர்னா வண்டி இப்பத்தான் திரும்பிச்சு."

அப்போது உள்ளேயிருந்து மாரன், "மாமா, வெந்துடுச்சா?" என்று கேட்டாள். குரலில் பசி இருந்தது. பல நாளாகக் கேட்காத குரல் அது. "வேகுது குட்டி" என்று பொய் சொன்னேன். என்னைப் பொய் சொல்ல வைத்ததையும் வெர்னாவின் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அதன் பிறகு நான் சாஸ் கறை படிந்த மேலங்கியோடும், கையில் கிழங்கு மசிக்கும் மத்தோடும் தீயணைப்பு நிலையத்துக்கு ஓடினேன். வாசலில் சீட்டுக் கிழிப்பவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "அடேயப்பா, வேஷம்னா இது வேஷம்! நடிக்கறவங்க எல்லாம் இந்தப் பக்கம் அண்ணே" என்று கையைக் காட்டி வழிவிட்டார். வழிவிட்ட இடத்தில் நுழைவது அத்துமீறலா என்பதைச் சட்டம் படித்தவர்கள் சொல்லட்டும்.

உள்ளே சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் கசாப்புக்காரன் மேஜை போட்டிருந்தது. அதன் மேல், ரப்பர் கைகளுக்கும் பிளாஸ்டிக் மண்டையோட்டுக்கும் நடுவில், என் மாரனின் இரவுச் சாப்பாடு. வெர்னா கையில் பிரஷ். பக்கத்தில் ஒரு டப்பா சிவப்புப் பெயிண்ட். கொட்டகைக் கதவுக்கு அடிக்கிற பெயிண்ட். கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஜனங்கள் நின்றிருந்தார்கள்.

"வெர்னா, பிரஷைக் கீழ போடு. அது எங்க வீட்டுச் சாப்பாடு."

"போன வருஷம் ரப்பர் கை குடுத்தே, இந்த வருஷம் ரப்பர் கால். ரொம்ப நன்றி லோவெல். தள்ளி நில்லு, மறைக்குது."

"ரப்பருக்கு ஆவி வருமா?"

"இப்பல்லாம் எதுலதான் புகை வரல?"

"மோந்து பாரும்மா!"

"எனக்கு ஜலதோஷம்."

சொல்லிக்கொண்டே பெயிண்டில் பிரஷைத் தோய்த்தார். சொட்டச் சொட்ட அது குதிகாலை நெருங்கியது. அதன் பிறகு நான் செய்ததை மானமுள்ள எந்தச் சமையற்காரனும் செய்திருப்பான். காலை இரண்டு கையாலும் தூக்கினேன். கட்டைவிரலைக் கடித்தேன். மென்றேன். விழுங்கினேன். "உப்பு ஒரு சிட்டிகை தூக்கல், மத்தபடி சரியா இருக்கு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

முதலில் கை தட்டினார்கள். அதன் பிறகு காப்பீட்டு முகவர் டெல்மர் ஃபயாக், கடித்த இடத்திலிருந்து சாறு வழிவதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார், பிறகு படுத்தார். நான் அவரைத் தொடவில்லை. அவர் படுத்ததைப் பார்த்து மற்றவர்கள் ஓடினார்கள். அவர்கள் போட்ட கூச்சலில் மிசிசிப்பி ஆறு சற்று நேரம் பின்னோக்கி ஓடியதாகக் கேள்வி. பெயிண்ட் டப்பா வெர்னாவின் செருப்பிலேயே கவிழ்ந்தது. அதற்கு நான் பொறுப்பல்ல, வருத்தமும் இல்லை.

அதன் பிறகு வாசலில் காவலுக்கு நின்ற கான்ஸ்டபிள் புரூயிட் என்னைத் தடுத்து நிறுத்தி, காலைக் கைப்பற்றி, பிளாஸ்டிக் பையில் போட முயன்றார்.

"தம்பி, பையில போட்டா வேர்த்து ஊறிடும். தட்டுல வை."

"அண்ணே, இது சாட்சியப் பொருள்."

"இது சாப்பாடு. மணி ஆறாகப் போகுது."

"இது யாருதுன்னு முதல்ல தெரியணும்ல?"

"என் மருமகளுது. வா, ரெண்டு காலையும் பக்கத்துல வெச்சுப் பாத்துக்கோ."

அடையாளம் காண்பது நடைமுறைக்கு உட்பட்டதுதான் என்று புரூயிட் ஒப்புக்கொண்டார். நாங்கள் வீட்டுக்கு வந்தோம். மாரன் கையில் முள்கரண்டியோடு மேஜையில் உட்கார்ந்திருந்தாள், மாவுக்கட்டுக் கால் எதிரே முக்காலி மேல் நீட்டியிருந்தது. மாவுக்கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களையும் தட்டிலிருந்த விரல்களையும் புரூயிட் குனிந்து மாறி மாறிப் பார்த்து, நீளமான இரண்டாவது விரலைத் தொட்டு, "ஒத்துப்போகுது" என்றார்.

"கட்டைவிரல் எங்க மாமா?"

"அது சாட்சி சொல்லப் போயிருக்கு. நீ சாப்பிடு."

அதன் பிறகு நான் மசியலால் மாவுக்கட்டுப் போட்டேன். பள்ளித் தோழிகள் அவள் மாவுக்கட்டின் மேல் பேர் எழுதியிருப்பது போலவே ஜோலீன் கடுகுச் சாந்தால் மசியல் மேல் தன் பெயரை எழுதினாள். புரூயிட்டும் எழுதினார். அந்தக் கையெழுத்தில் எழுத்துப் பிழை கிடையாது என்பதைப் பதிவு செய்ய வேண்டுகிறேன்.

வாசல் மணி அடித்தது. மாரன் வாய் நிறைய வைத்துக்கொண்டு, "கதவு தெறந்துதான் இருக்கு, உள்ள வாங்க! நான் என் காலத் தின்னுக்கிட்டிருக்கேன்!" என்று கத்தினாள். ஜோலீன் பாத்திரத்தொட்டிக்குத் திரும்பி, கழுவ ஒன்றுமில்லாமல் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றாள்.

வந்த பிள்ளைகள் முதலில் அலறினார்கள். அதன் பிறகு கிட்டே வந்தார்கள். அதன் பிறகு தெருவுக்கு ஓடிப் போய் மற்றவர்களைக் கூட்டிவந்தார்கள். ஒரு பெண் முழங்கால் வரை மாவுக்கட்டோடு உட்கார்ந்து மாவுக்கட்டுப் போட்ட தன் காலையே தின்கிறாள் என்ற செய்தி ஊர் முழுக்கப் பரவி, வரிசை தபால் நிலையத்தைத் தாண்டி, என் கணிப்பில் நெப்ராஸ்கா எல்லை வரை நீண்டது. மிட்டாய் கேட்க வந்தவர்கள் தங்கள் பையிலிருந்து ஆளுக்கொன்று எடுத்து அவள் மடியில் போட்டுவிட்டுப் போனார்கள். யாரும் போடச் சொல்லவில்லை.

அதே நேரம் தீயணைப்பு நிலையத்தில் ஈ காக்காய் இல்லை. தன் கூட்டம் எங்கே போனது என்று தேடிக்கொண்டு சிவப்புச் செருப்போடு வெர்னா எங்கள் வீட்டுக்கு வந்தார், வாசலில் நின்று பார்த்தார், அங்கிருந்து நேராக இந்த நிலையத்துக்கு வந்தார். நான் விரலைக் கடித்தபோது வராத கோபம், வரிசை நகர்ந்தபோது வந்தது. பீதியாம், பொதுமக்களாம்! என் வீட்டுச் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு போனவர் புகார்தாரர், பறிகொடுத்த நான் எதிரி. இதைவிட அநியாயம் இந்த மாநிலத்தில் சோளம் விளையத் தொடங்கிய நாளிலிருந்து நடந்ததில்லை.

சாட்சியப் பொருள் இப்போது எங்கே என்று என்னிடம் கேட்கப்பட்டது. நான்கு விரல்களும் பாதமும் மாரனின் வயிற்றில். டர்னிப் எலும்பு நாயிடம். குதிகாலை யார் தின்றார் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கிறேன். புரூயிட்டின் சட்டைப் பையைச் சோதித்துப் பார்த்துக்கொள்ளவும். வெர்னாவிடம் மன்னிப்புக் கேட்டால் விஷயத்தை இத்தோடு முடித்துவிடலாம் என்றார்கள். கேட்க மாட்டேன். அவர்தான் மாரனிடம் வந்து கேட்க வேண்டும்; கட்டைவிரலுக்கும் சேர்த்து.

மேலே சொன்னதில் மிசிசிப்பி ஆறும் நெப்ராஸ்கா எல்லையும் தவிர மற்றதெல்லாம் சத்தியம். எனக்குப் படித்துக் காட்டினார்கள், சரியாக இருக்கிறது. சீக்கிரம் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்ப அனுமதி வேண்டுகிறேன்; காலையில் புறப்படும்போது மாரன், "மத்தியானத்துக்கு மூளை பண்ணித் தர்றியா மாமா?" என்று கேட்டாள், நான் இன்னும் காலிஃபிளவர் வாங்கவில்லை.

(ஒப்பம்) லோவெல் பிராண்ட்வோல்ட்