கால் எட்டாத வண்டி

— மொதல்ல கீழ இறங்குங்க, அப்புறம் பேசலாம்.

— இறங்க முடியலடி. வலது காலு வாசப்படியில இருக்கு. எடுத்தா வண்டி சாஞ்சிடும்.

— இடது கால ஊணுங்க.

— அது எங்க எட்டுது? அந்தரத்துல தொங்குது பாரு.

— அப்ப ஸ்டாண்டப் போட்டுத் தொலைங்க!

— கால விட்டுத் துழாவிட்டேன். அகப்பட மாட்டேங்குது.

— ஐயோ, என் தலையெழுத்து! லைனிங் துணி ரெண்டு மீட்டர் எடுத்துட்டு வரேன்னுட்டுப் போன மனுஷன், மோட்டார் சைக்கிள்ல வந்து நிக்கிறீங்களே!

— சும்மா மோட்டார் சைக்கிள்னு சொல்லாத. டூரிங் வண்டி. தூரமா போறதுக்குன்னே செஞ்சது. ரெண்டு பக்கமும் பொட்டி பாரு. முன்னாடி கண்ணாடி இருக்கு, மூஞ்சில காத்தே அடிக்கல. குண்டும் குழியுமா இருக்கே நம்ம தெரு, ஒண்ணுமே தெரியல. அந்தச் சத்தம் இருக்கே... உங்க அக்கா குறட்ட மாதிரி, அடிவயித்துலருந்து வருது.

— எங்க அக்காவ எதுக்கு இழுக்கறீங்க? வர்ற வழியில நாலு சிக்னல். எப்படி நின்னீங்க?

— ரெண்டுல பிளாட்பாரத்த ஒட்டி நின்னேன். கால் வைக்கத் தோதா இருந்துச்சு.

— மீதி ரெண்டு?

— ஒண்ணு பச்சை.

— இன்னொண்ணு?

— பக்கத்துல ஒரு பால் வண்டி நின்னுச்சு. அதப் புடிச்சுக்கிட்டேன். டிரைவர் தங்கமான மனுஷன். "பாத்துப் போங்க பெரியவரே"ன்னாரு.

— கேட்டுக்கங்க, பெரியவராம்! இருநூத்தம்பது கிலோ வண்டி மேல விழுந்திருந்தா என்ன ஆகும்? உங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா? சொல்லுங்க, யாரு இருக்கா? இத இப்பவே திருப்பிக் குடுத்துட்டு வாங்க.

— குடுக்க மாட்டேன்.

— அப்ப அங்கயே குந்திக்கிட்டு இருங்க. சோத்த அங்கயே கொண்டாந்து ஊட்டறேன்.

— ஏய், ஏய், உருளுதுடி!

— முன் பிரேக்க இறுக்கிப் புடிங்க! என்ஜின அணைங்க! இப்ப மொத கியர்ல போடுங்க... கீழ அமுத்தணும்... ம். கிளட்ச விடுங்க. இனி உருளாது.

— பாத்தியா, எனக்குத் தெரியாததெல்லாம் உனக்குத் தெரியுது.

— தெரியாம? எங்கப்பாவோட மோட்டார் சைக்கிள ஆறு வருஷம் ஓட்டினவ நான். மலைப்பாதையில ஓட்டினவ. இந்த வீட்டுக்கு வந்த மறுநாளே, "பொம்பள வண்டி ஓட்டுனா நல்லாவா இருக்கும்"னு உங்கம்மா கேட்டாங்க. நீங்க வாயத் தெறக்காம சுவத்தப் பாத்துக்கிட்டு நின்னீங்க.

— நின்னேன். இருபத்தாறு வருஷமா உறுத்திக்கிட்டுதான் இருக்கு.

— உறுத்தி என்ன பிரயோஜனம்? பேச்ச மாத்தாதீங்க. ஊரு சனம் மொத்தத்துக்கும் காலு அளந்து பேன்ட் தெக்கிற ஆளு நீங்க. வாங்குறப்ப சீட்டு எவ்வளவு ஒசரம்னு அளந்து பாக்க மாட்டீங்களா?

— அளந்தேனே! கழுத்துல கெடந்த டேப்பாலயே அளந்தேன். கடையில எல்லாரும் சிரிச்சாங்க. ஒன்பது வண்டி அளந்ததுல இது ஒண்ணுதான் கரெக்டா முப்பத்திரண்டு இஞ்சு.

— உங்க உள்கால் அளவு எவ்வளவு?

— இருபத்தேழு.

— அதுவும் தெரிஞ்சிருக்கு! அஞ்சு இஞ்சு குறையுதுன்னு தெரிஞ்சே ஒருத்தர் வாங்குவாரா? முப்பத்திரண்டு யாரு அளவுங்க? எந்த மகராசனோட கால நெனச்சுக்கிட்டு அளந்தீங்க?

— உன்னோடதுடி. வண்டியப் புடி, நான் இறங்கறேன். நீ ஏறி, அளவு சரியா இருக்கான்னு போட்டுப் பாரு.