எதிரி அனுப்பிய அம்புகள்

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் அவர்களே! முன்வரிசையை முழுதாய்ப் பிடித்துக்கொண்ட மூத்தோரே! மடியில் மழலையோடு வந்திருக்கும் தாய்மாரே! இடமின்றிச் சன்னலில் ஏறிய இளஞ்சிங்கங்களே! அனைவருக்கும் வணக்கம்!

போர்க்களத்தில் வெல்வது எது என்று பேசச் சொன்னார்கள். வாளா? வேலா? வாரணப் படையா? கதையைக் கேளுங்கள், கைதட்டலைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்!

ஒரு கோட்டை. அங்கே அம்பு செய்பவர் அண்ணன். வில்லுக்கு நாண் முறுக்குபவள் தங்கை. தன் சொல்லை மீறி ஒரு வில்வீரனை மணந்தாள் என்று அண்ணன் பேச்சையே நிறுத்திவிட்டார்.

வந்தது முற்றுகை! எய்த அம்பை எதிரி எடுத்துத் திருப்பி எய்தால்? அண்ணன் யோசித்தார். அம்பின் பின்முனையில் நாணைக் கவ்வும் வெட்டைக் குறுக்கினார். எதிரியின் தடித்த நாணில் ஏறாது. அடடா, என்ன மூளை! தங்கையும் யோசித்தாள். நாள்பட்டால் நாண் அறுமே? கூடுதல் புரி சேர்த்துத் தடிப்பாய் முறுக்கினாள். அதுவும் மூளைதான்! ஒருவருக்கொருவர் சொன்னார்களா? இல்லையே!

என்ன தாயே, சோதித்துப் பார்க்கவில்லையா என்கிறீர்களா? பழையவை தீர்ந்து, புது அம்பும் புது நாணும் மதிலேறியதே அன்று விடியலில்தான். சோதிக்க வந்தவன் எதிரி!

முரசு முழங்க, ஏணிகளோடு எழுந்து வந்தான் எதிரி. தங்கை கணவன் அம்பைப் பூட்டினான். ஏறவில்லை! மதில் முழுக்க ஒருவனுக்கும் ஏறவில்லை!

மதிலடியில் நின்ற அண்ணனிடம் ஓடி வந்தாள் தங்கை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா அண்ணே?"

"உங்கிட்டதான் பேச்சே இல்லையே!"

"அங்க வெறுங்கையோட நிக்கிறது என் புருஷன்!"

சிரிக்காதீர்கள் ஐயா, நம் வீட்டில் நடக்காததா?

அண்ணன் கத்தியெடுத்து வெட்டை அகலமாக்கினார், கழி பிளந்தது. இன்னொன்று; அதுவும் பிளந்தது. அப்போது அவர் காலருகே வந்து குத்தி நின்றது எதிரியின் அம்பு. பிடுங்கினார், பின்முனையைப் பார்த்தார். அகன்ற வெட்டு! தங்கையின் நாணுக்கு அளவெடுத்துச் செய்தது போல!

மதிலுக்குப் படியேறி ஓடினார். "மாப்பிள்ளை! விழுற அம்ப எடுங்க மாப்பிள்ளை! அவன் அம்புதான் நம்ம நாணுக்குச் சேரும்!"

மாப்பிள்ளை! கல்யாண நாளிலிருந்து அவர் வாயில் வராத சொல்! கீழே நின்ற தங்கை போரையும் மறந்து அழுதாள்.

எடுத்தார்கள்! தொடுத்தார்கள்! விடுத்தார்கள்! எதிரி எய்ய எய்ய நம் தூணி நிறைந்தது. பதறியவன் எய்வதை நிறுத்தினான். ஏணியில் ஏறியவர்களுக்கு அம்புத் துணை இல்லாமல் போனது. ஏணிகள் சரிந்தன, முற்றுகை முறிந்தது!

தோளில் ரத்தத்தோடு, உயிரோடு இறங்கி வந்தான் அந்த வில்வீரன். தாங்கிப் பிடித்தார் அண்ணன்.

"அண்ணே, நீயும் வீட்டுக்கு வா. சாப்பிடுவோம்," என்றாள் தங்கை.

அன்பர்களே! வென்றது வாளா? வேலா? இந்த அரங்கில் உடன்பிறந்தவரோடு பேசாமல் உட்கார்ந்திருப்பவர் எத்தனை பேர்? கை தூக்க வேண்டாம். எழுந்து போய்ப் பேசுங்கள்! நம் மதிலுக்கு எதிரி வரும்வரை காத்திருக்காதீர்கள்!

செவி தந்த உங்களுக்கும், என் குரலைத் தாங்கிய ஒலிபெருக்கிக்காரருக்கும் நன்றி! வணக்கம்!