முப்பத்தெட்டாவது மாடி அக்கா

படுக்கை விரிப்புல ஒரு சுருக்கம் இருந்தாலும் எனக்குப் பொறுக்காது சார். இருபத்திரண்டு வருஷமா அந்த ஓட்டல்ல ரூம் சுத்தம் பண்றேன், ஒருத்தர் என்னைக் குறை சொன்னதில்லை. நீங்க விசாரிச்சுக்கலாம்.

அக்கா முப்பத்தெட்டாவது மாடி மூலை ரூமுக்கு வந்து எட்டு மாசம். வீட்டை வித்துட்டு, வெளிநாட்டுல இருக்கற மக வந்து கூட்டிட்டுப் போற வரைக்கும்னு தங்கினவங்க. மொத நாளே, "மேடம் கீடம்லாம் வேணாம், அக்கான்னு கூப்பிடு"ன்னாங்க. அத்தனை வருஷத்துல என்னை உக்காருன்னு சொன்ன ஒரே ஆள். தினம் பத்தரைக்கு டீ போட்டுக் குடுப்பாங்க. ஜன்னலோரம் உக்காந்து கால் மணி நேரம் ஊர்வம்பு பேசுவோம். என் வீட்ல பேச ஒரு ஜீவன் கிடையாது.

அப்புறம் மக போன் பண்ணுச்சு, ஞாயித்துக்கிழமை வர்றேன்னு. பிள்ளை மனம் கல்லுன்னு சும்மாவா சொன்னாங்க. எட்டு மாசம் எட்டிப் பாக்காதவளுக்கு இப்ப என்ன திடீர்ப் பாசம்? தன் பிள்ளையைப் பாத்துக்க ஆள் வேணும், அவ்வளவுதான். "போகாதீங்கக்கா"ன்னேன். "போடி பைத்தியம், தினம் போன் பண்றேன்"னாங்க. யார் பண்ணுவா சார்?

வியாழக்கிழமை குளியலறை ரப்பர் விரிப்பைக் கழுவ எடுத்துட்டுப் போனேன். வேற போடலை. மறதின்னே எழுதிக்குங்க. பத்தரைக்குப் போனா குளியலறையில வழுக்கிக் கீழ கிடக்கறாங்க, இடுப்பை அசைக்க முடியலை. "தங்கச்சி, யாரையாவது கூப்பிடு"ன்னாங்க. "இதோக்கா"ன்னேன். தலைக்குத் தலையணை வச்சேன், போர்வை போத்தினேன். அன்னைக்கு டீ நான் போட்டேன்.

போறப்ப 'தொந்தரவு செய்ய வேண்டாம்' அட்டையைக் கதவுல மாட்டினேன். அது தொங்கினா எங்க ஓட்டல்ல மூணு நாளைக்கு யாரும் தட்ட மாட்டாங்க. விருந்தாளி சௌக்கியமான்னு அந்த மாடியைச் சுத்தம் பண்ற மாடிக்காரி மட்டும் தினம் தாள்ல டிக் பண்ணணும். மாடிக்காரி நான்தான். மூணு நாளும் பண்ணேன். மக போன் பண்ணப்பவும் ரிசப்ஷன்ல, அம்மா ஓய்வெடுக்கறாங்கன்னு சொல்லிட்டாங்க.

நான் ஒரு நாளும் தனியா விடலை சார். பத்தரைக்குப் போய் உக்காந்துடுவேன். வெள்ளிக்கிழமை கொஞ்சம் பேசினாங்க. சனிக்கிழமை நான்தான் பேசினேன்.

கொலைங்கறீங்க. நான் ஒரு விரல் வைக்கலையே. அக்காவுக்கு மனசெல்லாம் இங்கதான். நீங்களே பாத்தீங்க, துணியெல்லாம் அலமாரியில வரிசையா தொங்குச்சு. ஊருக்குப் போறவங்க அப்படியா வச்சிருப்பாங்க?

புதன்கிழமையே பெட்டி கட்டிட்டாங்கதான். பேரனுக்கு வாங்கின ரயில் பொம்மை மேலேயே இருந்துது. சனிக்கிழமை குளியலறைக் கதவை நல்லாத் திறந்து வச்சுட்டு, அக்கா பாத்துக்கிட்டிருக்கும்போதே, துணியை ஒண்ணொண்ணா பிரிச்சு அலமாரியில மாட்டினது நான்தான்.