பத்து செக்கன்

ஷரிபுதீன் ஹாஜியார் அவர்களுக்கு, ஸலாம்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் நீங்கள் மேசையில் இருந்தீர்கள். பர்ஹான் கதவோரம், கிசோக் எண்ணெய்ப் பீப்பாவில், றமீஸ் ஃபேனுக்கு நேர்கீழே. நான் இரும்பு கடையும் கம்பியூட்டர் லேத்தில் சாய்ந்துகொண்டிருந்தேன். தேநீருக்குச் சீனி கொஞ்சம் கூட.

நடந்ததுக்குப் பிழை மெசினில்தான், பழைய இரும்புக்குக் கொடுப்போம் என்று முடிவெடுத்தீர்கள். அது அநியாயம். நான் புரோகிராமில் எழுதிக் கொடுத்த வரியைத் தவிர அது வேறெதுவும் செய்ததில்லை.

றமீஸ் வெற்றிலை துப்புவது லேத்தின் தண்ணீர்த் தட்டில். அந்த ஊத்தைக்குள்ளேயே கையை விட்டு இரும்புச் சுருள் அள்ளுவான். அதே கையோடு வெள்ளிக்கிழமைச் சஹனுக்கு வந்து குந்துவான். நாலு பேருக்கு ஒரே தட்டு. ஒருநாள் இறைச்சியைப் பிய்த்து என் பக்கம் தள்ளினான். நகத்தடியில் கறுப்பு.

"தின்னுங்க காக்கா. நம்மட கைதானே."

"காக்காக்கு லேத்துக்குப் போல சஹனுக்கும் ஒரு கதவு போடணும்," என்றான் பர்ஹான். எல்லாரும் சிரித்தார்கள், நீங்களும்தான். நான் அந்தத் துண்டை விழுங்கினேன். இன்னும் தொண்டையில் இருக்கிறது.

வள்ளத்து எஞ்சின் தண்டு கடையும்போது மெசின் பாதியில் நிற்கும். றமீஸ் கதவைத் திறந்து சுருளை அள்ளிவிட்டுப் பொத்தானை அமத்தினால்தான் திரும்பச் சுற்றும். கதவு திறந்திருந்தால் சுற்றவிடாத சுவிட்ச் ஒன்றும் இருந்தது. வேலை சுணங்குது என்று நீங்கள் சொல்ல, கிசோக் அதை வேலை செய்யாமல் கட்டி வைத்தான். அதில் எனக்குப் பங்கில்லை.

ஒரு கிழமை மணிக்கூடு பார்த்தேன். அள்ளி முடிக்க அவனுக்கு இருபது செக்கன். 'நில்' என்ற வரியை எடுத்துவிட்டு, 'பத்து செக்கன் பொறுத்துச் சுற்று' என்று எழுதினேன். சுறுக்காக வேலை செய்கிறவனுக்குப் பத்து செக்கன் காணும்.

பதினோராவது செக்கனில் அவன் வலக்கை முழங்கையோடு போனது. அவனை ஆஸ்பத்திரிக்கு ஏற்றின பிறகு பழைய வரியைத் திரும்ப எழுதினேன். மெசினை மூன்று தரம் கழுவினேன்.

றமீஸ் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் திங்கட்கிழமை கவனித்தீர்களா? எல்லாருக்கும் வைத்த தட்டிலிருந்து இடக்கையால் பிஸ்கட் எடுத்துத் தின்றான். இனி அந்தக் கையும் சஹனுக்கு வரும். அவனுக்குத் தனிப் பீங்கான் தட்டு கொடுங்கள். மெசினை விற்காதீர்கள். இதைப் பொலிசுக்குக் காட்டுவதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

உறையை ஒட்டி, கல்முனைத் தபால் பெட்டியில் நானே போடுகிறேன். பசைதான் பூசுவேன், நாக்கால் நனைக்கமாட்டேன். அருவருப்பில்லாமல் திறக்கலாம்.